இரண்டு வந்தால் பதறாதீர்கள்: கான்ஃபிகரேஷன் கருவிகளின் எக்ஸிட் கோடைப் படிப்பது எப்படி

சர்வர்களை நாம் எழுதிவைத்த நிலைக்குக் கொண்டுவரும் கான்ஃபிகரேஷன் கருவியான பப்பெட்டைப் பழகத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே கல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள். சர்வரில் அந்த வேலையைச் செய்யும் ப்ரோகிராமான ஏஜென்டைக் கையால் ஓட்டுவார்கள். ஃபைல் மாறியது, சர்வீஸ் மறுபடி எழுந்தது, கேட்டலாக் (அந்த சர்வருக்கான வேலைப் பட்டியல்) இத்தனை நொடியில் முடிந்தது என்று திரையில் வரிசையாக வரும். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதே கட்டளையை, வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் போட்டால் வேலை சிவப்பாகிவிடும். லாகைத் திறந்து பார்த்தால், எக்ஸிட் கோட் 2.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். கட்டளையின் வாலில் || ட்ரூ என்று ஒட்டிவிட்டோம். என்ன நடந்தாலும் வெற்றி என்றே சொல் என்று அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து எல்லாம் பச்சை. மூன்று வாரம் கழித்து ஒரு சர்டிஃபிகேட் காலாவதியாகி வெப்சைட் படுத்துவிட்டது. புது சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய பப்பெட், அந்த மூன்று வாரமும் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வரியை எழுதிய புண்ணியவான் யார் என்று கிட்டில் தேடினோம். நான்தான்.

அந்த 2 என்ன சொல்ல வந்தது என்று அன்றைக்கே கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அதைக் கேட்கப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. லினக்ஸ் டெர்மினலும் கொஞ்சம் பாஷும் தெரிந்தால் போதும். கட்டளைகளை ஒலிக்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்

ஒரு ப்ரோகிராம் முடியும்போது, தன்னைக் கூப்பிட்டவரிடம் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதுதான் எக்ஸிட் கோட். 0 என்றால் சரியாக முடிந்தது, வேறு எதுவானாலும் சரியில்லை என்பது யூனிக்ஸ் காலத்து வழக்கம். ஷெல்லில் அந்த எண் $? என்ற இடத்தில் இருக்கும்.

ட்ரூ என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். அடுத்து எக்கோ $? என்று தட்டுங்கள். 0 வரும். ஃபால்ஸ் என்று தட்டி அதையே செய்தால் 1 வரும். இப்போது மறுபடி ஒருமுறை எக்கோ $? தட்டுங்கள். 0! முன்பு வந்த 1 எங்கே போனது? எக்கோவும் ஒரு கட்டளைதானே. அது வெற்றிகரமாக முடிந்து தன் 0-ஐ அங்கே எழுதிவிட்டது. ஆகவே எண் வேண்டுமென்றால் உடனே எடுத்து வேறொரு வேரியபிளில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு லாக் வரி எழுதினாலும் போச்சு.

இந்த எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் எட்டு பிட். 0 முதல் 255 வரைதான் போகும். 256 என்று சொல்லி வெளியேறினால் வந்து சேர்வது 0. இது பரீட்சைக்குப் படிக்கிற தகவல் இல்லை. எத்தனை சர்வரில் தோல்வியோ அந்த எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் திருப்பி அனுப்பும் ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன். சரியாக 256 சர்வர்கள் படுக்கும் நாளில் அந்த ஸ்கிரிப்ட் 'எல்லாம் நலம்' என்று சொல்லும்.

இன்னும் சில எண்களை ஷெல் தனக்கென்று வைத்திருக்கிறது. 127 வந்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை. 126 என்றால் இருக்கிறது, ஆனால் ஓட்ட அனுமதி இல்லை. 128-க்கு மேலே போனால் பெரும்பாலும் யாரோ சிக்னல் அனுப்பிக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். 128-ஐக் கழித்தால் சிக்னல் எண் கிடைக்கும். 130 என்றால் கன்ட்ரோல்-சி. 137 என்றால் சிக்னல் 9, அதாவது ஈவிரக்கமில்லாத கில். நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றாலும் 137 தான். இந்த 137-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2. மொட்டைமாடித் தொட்டி

சாதாரணக் கட்டளைக்கு இரண்டு பதில் போதும்: முடிந்தது, முடியவில்லை. கான்ஃபிகரேஷன் கருவிக்கு அது போதாது. வீட்டில் "மோட்டார் போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "தொட்டி ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கு" என்று ஒரு பதில் வரலாம். "இப்பதான் போட்டு நிரப்பினேன்" என்று வரலாம். "போட்டேன், தண்ணி ஏறலை" என்றும் வரலாம். முதல் இரண்டுமே நல்ல செய்திதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. தினமும் காலையில் "இப்பதான் நிரப்பினேன்" என்ற பதிலே வந்தால், எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

சர்வர் ஏற்கனவே சரியான நிலையில் இருந்ததா, கருவி வந்து சரி செய்ததா, சரி செய்ய முடியவில்லையா என்ற இந்த மூன்றையும் எக்ஸிட் கோட் பிரித்துச் சொல்ல வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பழைய டிஃப் கட்டளையே இரண்டு ஃபைல்களும் ஒன்று என்றால் 0, வேறு என்றால் 1, ஃபைலைத் திறக்கவே முடியாவிட்டால் 2 என்று மூன்றாகத்தான் சொல்கிறது. கிரெப்பும் அப்படியே. கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2.

3. பப்பெட்டின் எண்கள்

2005-இல் வந்த பப்பெட் இதற்கென்றே ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறது: --டீடெய்ல்ட்-எக்ஸிட்கோட்ஸ். அதைக் கொடுத்தால் வரும் எண்கள் இவை.

0: எல்லாம் ஏற்கனவே சரியாக இருந்தது, எதையும் தொடவில்லை.
1: ஓட்டமே தோற்றது, அல்லது வேறொரு ஓட்டம் நடந்துகொண்டிருப்பதால் தொடங்கவே இல்லை.
2: சில மாற்றங்கள் செய்தேன், எதுவும் தோற்கவில்லை.
4: சில ரிசோர்ஸ்கள் (ஃபைல், சர்வீஸ் என்று பப்பெட் கவனிக்கும் ஒவ்வொன்றும் ஒரு ரிசோர்ஸ்) தோற்றன.
6: சிலவற்றை மாற்றினேன், சில தோற்றன.

மாற்றத்துக்கு 2, தோல்விக்கு 4, இரண்டும் சேர்ந்தால் 6. கூட்டிப் பாருங்கள், அழகாக இருக்கும். 3-ஐயும் 5-ஐயும் ஏன் விட்டார்கள் என்று யோசித்தவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

இப்போது கொஞ்சம் பயமுறுத்துகிறேன். மேனிஃபெஸ்டை (பப்பெட்டுக்கு நாம் எழுதும் ஃபைல்) நேராக ஓட்டும் கட்டளை பப்பெட் அப்ளை. அந்த ஆப்ஷனைக் கொடுக்காமல் அதை ஓட்டினால், நடுவில் சில ரிசோர்ஸ்கள் தோற்றாலும் 0 தான் வரும். கேட்டலாக்கே உருவாகவில்லை என்பது போன்ற பெரிய விபத்துக்கு மட்டும்தான் 1. ஏஜென்டை --ஒன்டைம் போட்டு ஓட்டினாலும் இதே கதைதான். திரையில் சிவப்பு எழுத்தில் எரர் கொட்டிக்கொண்டிருக்கும், எக்ஸிட் கோட் சிரித்துக்கொண்டு 0 என்று சொல்லும். --டெஸ்ட் ஆப்ஷனுக்குள் டீடெய்ல்ட்-எக்ஸிட்கோட்ஸும் அடக்கம். அதனால்தான் கையால் ஓட்டும்போது 2-ஐப் பார்க்கிறோம், மற்ற இடங்களில் பார்ப்பதில்லை. 'டெஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து இது சும்மா ஒத்திகை என்று நினைத்துவிடாதீர்கள். அது நிஜமாகவே மாற்றும். ஒத்திகை வேண்டுமென்றால் --நோஆப் தனியாக இருக்கிறது.

1 என்ற எண்ணின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'மேனிஃபெஸ்ட் தப்பு' என்பதும் 'வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அப்புறம் வா' என்பதும் ஒரே எண்ணா? முதலாவதற்கு ஆளை எழுப்ப வேண்டும். இரண்டாவதற்கு ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். பப்பெட்டின் புதிய பதிப்புகளில் --வெயிட்ஃபார்லாக் என்ற ஆப்ஷன் இருக்கிறது. முந்தைய ஓட்டம் முடிகிறதா என்று ஒரு வரம்பு வரை காத்திருந்து மறுபடி முயலும். தானியங்கி வேலைகளில் அதைப் போட்டுவிட்டால் 1-க்குப் பெரும்பாலும் ஒரு அர்த்தம்தான் மிஞ்சும்.

4. ஒரு ராப்பர் எழுதுங்கள்

ஜென்கின்ஸுக்கு 0 என்றால் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. பப்பெட் பேசும் மொழி அதற்குப் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

கோட்=0
பப்பெட் ஏஜென்ட் --டெஸ்ட் || கோட்=$?
கேஸ் $கோட் இன்
  0) எக்ஸிட் 0 ;;
  2) எக்கோ "மாற்றங்கள் நடந்தன" ; எக்ஸிட் 0 ;;
  4|6) எக்கோ "சில ரிசோர்ஸ்கள் தோற்றன" ; எக்ஸிட் 1 ;;
  *) எக்கோ "ஓட்டமே சரியில்லை: $கோட்" ; எக்ஸிட் $கோட் ;;
எஸாக்

இரண்டாவது வரியில் || கோட்=$? என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஜென்கின்ஸ் ஷெல் வரிகளை -ஈ ஆப்ஷனோடு ஓட்டும். பூஜ்யம் அல்லாத எண் வந்த அந்த நொடியே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எண்ணை அடுத்த வரியில் எடுக்கலாம் என்று நினைத்தால், அடுத்த வரியே வராது. இப்படி ஒரே வரியில் பிடித்தால் நிற்காது. பார்க்க || ட்ரூ மாதிரியே இருந்தாலும் இது எண்ணைத் தூக்கி எறியவில்லை, எடுத்து வைக்கிறது.

இன்னொரு வழியை நிறைய பேர் எழுதுகிறார்கள். இஃப் போட்டு, கட்டளைக்கு முன்னால் ஆச்சரியக்குறி வைத்து, உள்ளே போய் $? பார்ப்பது. உள்ளே எப்போதும் 0 தான் இருக்கும், ஏனென்றால் ஆச்சரியக்குறி எண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டது. தோல்வி என்று தெரியும், என்ன தோல்வி என்பது தொலைந்துபோகும்.

லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்-டி மூலம் ஓட்டுகிறீர்கள் என்றால் ராப்பரே வேண்டாம். யூனிட் ஃபைலில் சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=2 என்று ஒரு வரி சேர்த்தால் 2-ஐயும் அது வெற்றியாக எடுத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான், எக்ஸிட் கோடைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஏதாவது அச்சிட்டால் மெயில் அனுப்பும், அவ்வளவுதான்.

5. டீ குடித்துவிட்ட எண்

லாகை ஃபைலிலும் சேமிக்க வேண்டும், திரையிலும் பார்க்க வேண்டும். உடனே கை தானாகவே பைப் போட்டு டீ கட்டளையைச் சேர்க்கும். அதோடு பப்பெட்டின் எண் காலி. பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் எண்தான் $?-க்கு வரும். டீ பெரும்பாலும் சரியாகத்தான் முடியும், ஆகவே பெரும்பாலும் 0. பாஷில் ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஓ பைப்ஃபெயில் என்று போடுங்கள். அல்லது பைப்ஸ்டேட்டஸ் என்ற அரேயின் முதல் உறுப்பைப் பாருங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு சர்வரில் ஓட்டும்போது, அந்தப் பக்கத்து எண் அப்படியே இந்தப் பக்கம் வந்து சேரும். எஸ்எஸ்ஹெச்சுக்கே கோளாறு என்றால் மட்டும் 255. ஆகவே நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட் எதிலும் -1 என்று வெளியேறாதீர்கள். அதுவும் 255 ஆகத்தான் வந்து நிற்கும். லைன் அறுந்ததா, ஸ்கிரிப்ட் தோற்றதா என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

6. ஒரே 2, ஐந்து அர்த்தம்

பப்பெட்டில் 2 நல்ல செய்தி என்று படித்தோம். அதே பழக்கத்தில், இன்னொரு கான்ஃபிகரேஷன் கருவியான ஆன்சிபிள் பக்கம் போகாதீர்கள். ஆன்சிபிள்-பிளேபுக் 2 என்று சொன்னால், ஒன்றோ பலவோ சர்வர்களில் டாஸ்க் தோற்றுவிட்டது. அதே வகைக் கருவியான செஃப் 2 என்றால் ஓட்டத்தை யாரோ இடையில் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். சர்வர்களையே உருவாக்கித் தரும் டெர்ராஃபார்மின் பிளான் கட்டளையை -டீடெய்ல்ட்-எக்ஸிட்கோட் போட்டு ஓட்டி 2 வந்தால், திட்டம் சரியாகப் போட்டாயிற்று, செய்ய வேண்டிய மாற்றங்கள் இருக்கின்றன, இன்னும் செய்யவில்லை. இதையெல்லாம் கண்காணிக்கும் நாகியோஸ் ப்ளகினுக்கு 2 என்றால் கிரிட்டிகல், ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அடிக்கும். பப்பெட் கட்டளையை ராப்பர் இல்லாமல் நேராக நாகியோஸில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெற்றிகரமான மாற்றத்துக்கும் யாராவது ஒருவர் தூக்கம் கெடும்.

ஆன்சிபிளின் மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். சர்வரைத் தொடவே முடியவில்லை என்றால் 4. பிளேபுக் எழுதியிருக்கும் யாமல் ஃபைலைப் படிக்க முடியாவிட்டாலும் அதே 4. நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இன்டென்டேஷனை, அதாவது வரிகளுக்கு முன்னால் விட்ட இடைவெளியை, பாருங்கள். ஆப்ஷனைத் தப்பாகக் கொடுத்தால் 5, கன்ட்ரோல்-சி என்றால் 99, எதிர்பாராத கோளாறு என்றால் 250. மாற்றம் நடந்ததா இல்லையா என்பதை மட்டும் எண்ணில் சொல்லாது. இரண்டுக்கும் 0 தான். கடைசியில் வரும் ரீகேப் வரிகளில் சேஞ்ச்டு என்ற இடத்தைப் பார்த்தோ, வெளியீட்டை ஜேசனாக வாங்கியோதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைவிட மோசமான 0 ஒன்று ஆன்சிபிளில் உண்டு. பிளேபுக்கின் ஹோஸ்ட்ஸ் வரியில் குரூப் பெயரை ஒரு எழுத்து தப்பாக எழுதுங்கள். எந்த சர்வரும் பொருந்தவில்லை என்று ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு 0 என்று முடித்துவிடும். ஒரு சர்வரையும் தொடவில்லை, ஆனால் வெற்றி! வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து 'ஒழுகவில்லை' என்று சொல்வது போல.

செஃப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ரீபூட்டுக்குத் தனி எண்கள் வைத்திருப்பது. ரீபூட் செய்ய நேரம் குறித்தாயிற்று என்றால் 35, ரீபூட் தேவைப்படுகிறது என்றால் 37, ரீபூட் முயற்சி தோற்றது என்றால் 41. விண்டோஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சால்ட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் சால்ட்-காலோடு --ரெட்கோட்-பாஸ்த்ரூ சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடியதன் எண் வெளியே வரும்.

7. இரண்டு முறை ஓட்டுங்கள்

எண்களைப் படிக்கத் தெரிந்த பிறகு கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். புது மேனிஃபெஸ்ட் எழுதியதும் ஒரு சுத்தமான விஎம்மில் பப்பெட் அப்ளையை --டீடெய்ல்ட்-எக்ஸிட்கோட்ஸ் சேர்த்து அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை 2 வர வேண்டும். இரண்டாம் முறை 0 வர வேண்டும். இரண்டாம் முறையும் 2 வந்தால் குழாய் ஒழுகுகிறது.

பெரும்பாலும் திருடன் எக்ஸெக் ரிசோர்ஸாகத்தான் இருப்பான். ஒரு டார் ஃபைலை இறக்கி விரிக்கும் கட்டளையை அதில் எழுதியிருப்போம். ஏற்கனவே விரித்தாயிற்றா என்று அதற்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் விரிக்கும். ஒவ்வொரு முறையும் 'மாற்றினேன்' என்று கணக்கு எழுதும். அதை நம்பி சர்வீஸும் அரை மணிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். க்ரியேட்ஸ் என்ற பண்பில், விரித்த பிறகு இருக்க வேண்டிய ஃபைலின் பாதையைக் கொடுத்தால் போதும். அந்த ஃபைல் இருந்தால் எக்ஸெக் ஓடாது. மறுபடி இரண்டு முறை ஓட்டுங்கள். 2, பிறகு 0. இந்தச் சோதனையை பைப்லைனிலேயே சேர்த்துவிடலாம். இரண்டாம் ஓட்டம் 0 இல்லாவிட்டால் மெர்ஜ் கிடையாது.

8. சொந்தமாகக் கருவி எழுதும்போது

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆப்ஸ் டீம்களில் யாராவது ஒருவர் பைத்தானில் ஒரு கான்ஃபிகரேஷன் கருவி எழுதியே தீருவார். எழுதுங்கள். ஆனால் ஆப்ஷன் எதுவும் கொடுக்காதபோது, தோல்வி என்றால் கட்டாயம் பூஜ்யம் அல்லாத எண் வர வேண்டும், மாற்றம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வெற்றி என்றால் 0 வர வேண்டும். விவரம் வேண்டுகிறவர்கள் ஆப்ஷன் கொடுத்துக் கேட்டுக்கொள்ளட்டும். 125-க்கு மேலே போகாதீர்கள், அது ஷெல்லின் தெரு. பிஎஸ்டி காலத்திலிருந்து 64 முதல் 78 வரை ஒரு பட்டியல் இருக்கிறது: கட்டளையைத் தப்பாகப் பயன்படுத்தினால் 64, தற்காலிகக் கோளாறு, அப்புறம் முயன்று பார் என்றால் 75, கான்ஃபிகரேஷனே தப்பு என்றால் 78. அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எண்களை --ஹெல்ப்பில் எழுதி வையுங்கள். எழுதிய பிறகு மாற்றாதீர்கள், யாரோ ஒருவரின் கேஸ் வரி அதை நம்பி உட்கார்ந்திருக்கும்.

9. ராப்பரையும் ஒருமுறை ஏமாற்றிப் பாருங்கள்

பப்பெட் என்ற பெயரிலேயே ஒரு போலி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். நாம் கொடுக்கும் எண்ணோடு வெளியேறுவது மட்டும்தான் அதன் வேலை. அது இருக்கும் ஃபோல்டரை, ஷெல் கட்டளைகளைத் தேடும் பாத் வேரியபிளில் முதலில் வைத்துவிட்டு, 0, 1, 2, 4, 6, 127, 130, 137 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து ராப்பர் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

என் முதல் ராப்பர் கேஸ் போட்டு எழுதியதில்லை. 2-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 6 வருகிற அழகில் மயங்கி, பிட் பிட்டாகப் பிரித்துப் பார்த்திருந்தேன். 4-இன் பிட் இருந்தால் தோல்வி, 2-இன் பிட் இருந்தால் மாற்றம், இரண்டும் இல்லையென்றால் எல்லாம் சரி. போலி பப்பெட்டுக்கு 137 கொடுத்தேன். 137 என்பது 128, 8, 1 சேர்ந்தது. அதில் 4-உம் இல்லை, 2-உம் இல்லை. நினைவகம் தீர்ந்து கெர்னல் பாதியில் கொன்ற ஓட்டத்தை என் ராப்பர் 'மாற்றம் ஏதுமில்லை, எல்லாம் சரி' என்று பச்சையில் எழுதி வைத்தது. 1 கொடுத்தாலும் அதே பச்சைதான்.